இடது பக்கம் இழுக்கும் கார்

நேற்று சாயங்காலம் உன் ஸ்டியரிங் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. உன் தங்கை பார்சலில் போட்டுவிட்டிருந்தாள். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் முதலில் வந்தது பவுடர் வாசனை. கை வியர்க்கிறது என்று, கம்ப்யூட்டரில் விளையாட உட்காரும்போதெல்லாம் இரண்டு உள்ளங்கையிலும் பவுடரைக் கொட்டித் தேய்த்துக்கொள்வாய். அது தோல் உறையின் தையலுக்குள் போய் வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. பவுடர் போகவில்லை.

என் அம்மா எட்டிப் பார்த்தது. "இன்னாடா இது? வண்டியக் காணோம், ஸ்டியரிங்கு மட்டும் வந்துருக்குது?"

"கேம் ஆடறதும்மா."

"இருவத்தஞ்சு வயசுல கேமா? ஆடு, ஆடு. ஓனரு போன் பண்ணா பொம்ம கார் ஓட்டிகினு இருக்கான்னு சொல்றேன்."

இதைப் பொருத்த ஒரு மேசை வேண்டும். மேசை விளிம்பில் கவ்வவைத்துத் திருகினால்தான் நிற்கும். எங்கள் வீட்டில் மேசை கிடையாது. உன் தங்கைக்கு இது தோன்றியிருக்காது. மேசை இல்லாத வீடு ஒன்று இருக்கும் என்று உங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸில் யாருக்கும் தோன்றியிருக்காது. எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்துவிட்டான் பார் என்று நீ சிரிப்பாய். சிரி. எனக்குக் கோபம் வந்தால் எங்காவது போய் நிற்கும், குழப்பம்தான் நிற்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்பதில் அர்த்தமில்லை. எனக்கு இருக்கிறது. ஐடிஐ முடித்துவிட்டு, சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்கு யார் யார் பின்னாலோ அலைந்துவிட்டு, கடைசியில் வடக்குத்தில் ஒரு ஓனரிடம் டாக்சி ஓட்ட வந்திருந்தேன். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு வேலை கேட்கவாவது ஒரு காரணம் இருந்தது. எங்கள் தெருவில் யாருக்கும் எப்போதும் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. எதைக் காட்டிக் கேட்பது? உன் அப்பா அங்கே பர்மனென்ட் ஊழியர், கார் ஓட்டத் தெரியாதவர். இருபது வருடமாக ஒரே ஸ்கூட்டர். உன்னை வாரம் ஒருமுறை புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு டாக்சி வேண்டும் என்று ஓனரைக் கேட்டார். ஓனர் என்னிடம் சாவியைக் கொடுத்தார்.

நீ முன்சீட்டில் ஏறினாய். தலையில் முடி இல்லை, குல்லா போட்டிருந்தாய். உன் அம்மா பின்சீட்டில். வடலூர் தாண்டும் வரை நீ ரோட்டைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு எரிச்சலாக இருந்தது. திடீரென்று கேட்டாய்.

"வண்டி இடது பக்கம் இழுக்குதா?"

ஏறும் ஆள் வண்டியைக் குறை சொன்னால் பேசாமல் இருப்பதுதான் வழக்கம்.

"ரோடு நேரா போகுது. ஸ்டியரிங் மட்டும் வலது பக்கம் திரும்பியே இருக்கு. நீங்க பிடிச்சுக்கிட்டே வர்றீங்க."

"உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

"நிஜக் கார் தொட்டதே இல்லை" என்றாய். ஏதோ பெருமை போலச் சொன்னாய்.

இழுத்தது உண்மைதான். இடது முன்சக்கரத்தில் ஒரு ரப்பர் புஷ் தேய்ந்துபோயிருந்தது. அது போனால் சக்கரம் நேராக நிற்காது, டயரும் ஒரு பக்கமாகத் தேயும். குள்ளஞ்சாவடி மெக்கானிக் இரண்டு தரம் சொல்லியாகிவிட்டது. ஓனரிடம் நான் நான்கு தரம் சொன்னேன். அவர் பதில் எப்போதும் ஒன்றுதான். "ஓடுதா? ஓடுது இல்ல? ஓட்டு. ஒனக்குப் புடிக்கலன்னா சொல்லு, ஓட்டறதுக்கு ஆள் நிக்கறான்." நின்றார்கள்தான். எங்கள் தெருவிலேயே மூன்று பேர்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, திரும்பி வந்து இறக்கிவிட்டபோது நீ என்னை உள்ளே கூப்பிட்டாய். குவார்ட்டர்ஸ் வீட்டுக்குள் டிரைவராக இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. செருப்பை எங்கே விடுவது என்பதிலேயே எனக்குப் பாதி நேரம் போனது. உன் அறையில் மேசை, கம்ப்யூட்டர், இந்த ஸ்டியரிங், கீழே மூன்று பெடல். ஒரு சிவப்புக் கார், ஏதோ வெளிநாட்டு மலைப்பாதை. "ஓட்டிப் பாருங்க" என்றாய்.

நான் தினமும் கார் ஓட்டுகிறவன். முதல் வளைவிலேயே சுவரில் மோதினேன். இரண்டாவது தடவையும் அதே சுவர். மூன்றாவது தடவை சுவர் வரைக்கும்கூடப் போகவில்லை, வண்டி பம்பரமாகச் சுற்றி நின்றது. உன் தங்கை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா ரோடு இது, சோப்பு போட்டுக் கழுவி வுட்ட மாதிரி?" என்றேன்.

"இது எல்லாம் சரியான கணக்குங்க. எடை, டயர், வேகம் எல்லாம் நிஜக் கார்ல அளந்த நம்பர்."

"நம்பர் சரியா இருக்கலாம். வண்டி கையவுட்டுப் போவப்போவுதுன்னு நிஜக் கார்ல மொதல்ல இடுப்புக்குத் தெரியும். அப்புறம்தான் கண்ணுக்கு. இதுல இடுப்புல ஒண்ணுமே இல்லியே. நான் உக்காந்திருக்கறது பிளாஸ்டிக் சேரு."

நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாய்.

பிறகு சொன்னாய். இப்போதும் அப்படியே காதில் இருக்கிறது. "கேமுக்கு இடுப்பு கிடையாது. அதுக்கு இருக்கறது உங்க கையும் கண்ணும் காதும்தான். இடுப்பு சொல்ற சேதியக் கைக்கு மாத்தித் தரணும். அதுல கொஞ்சம் பொய் கலந்தாத்தான் உண்மையா தெரியும்."

அன்றைக்கு எனக்கு இது புரியவில்லை. இன்றைக்குப் புரிகிறது. புரிந்ததனால்தான் இவ்வளவு தொல்லை.

அதற்கடுத்த வாரம் "வாங்க போங்க" போய்விட்டது. "டேய், நம்ம டாக்சியச் செய்யலாமா?" என்று கேட்டாய். அந்த விளையாட்டில் யார் வேண்டுமானாலும் தன் காரைச் செய்து உள்ளே சேர்க்கலாம், மற்றவர்கள் எடுத்து ஓட்டலாம் என்று விளக்கினாய். படம் வரைந்தால் போதாது. எடை எவ்வளவு, எந்தச் சக்கரத்தில் எவ்வளவு உட்காருகிறது, ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும், சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று எல்லாம் ஒரு கோப்பில் எண்களாகப் போக வேண்டும். உலகத்தில் இருக்கிற பந்தயக் காரையெல்லாம் விட்டுவிட்டு, மஞ்சள் போர்டு போட்ட பழைய டாக்சியை எதற்கு என்று கேட்டேன்.

"பந்தயக் கார யாரும் ஓட்டினதில்லை. அதனால என்ன நம்பர் போட்டாலும் நம்புவாங்க. இத ஓட்டுறவன் என் பக்கத்துல இருக்கான். ஏமாத்த முடியாது."

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்த முன்சீட்டு உன் பரிசோதனைக்கூடம் ஆனது. வேகத்தடை ஏறி இறங்கினால் கேள்வி. குறிஞ்சிப்பாடி வளைவில் கேள்வி. மழையில் கேள்வி. "இப்ப முன்னாடி கனமா, பின்னாடியா?" "பிரேக் தொட்டதும் இழுக்குதா, அழுத்தினப்புறமா?" "கையில வருதா, இடுப்புல வருதா?" முதலில் எரிச்சல் வந்தது. பிறகு, யாரும் கேட்காத நேரத்தில்கூட எனக்கே கேட்டுக்கொள்ளப் பழகிவிட்டது. நான் எப்படி ஓட்டுகிறேன் என்று அதுவரை எனக்கே தெரியாது. ஓட்டினாயா, கொண்டுபோய்ச் சேர்த்தாயா என்பதைத் தவிர யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை.

ஒருநாள் உன் கையை விரித்து டேஷ்போர்டில் வைத்தாய். ஊசி குத்திக் குத்தி நீலம் பாரித்த கை. "ஒரு டயரு ரோட்டத் தொடுற இடம் இவ்வளவுதான்டா. உள்ளங்கை அளவு. மொத்தம் நாலு உள்ளங்கை. அதுமேலதான் நாம மூணு பேரும் புதுச்சேரி போயிட்டு வர்றோம்." பின்சீட்டிலிருந்து உன் அம்மா, "வாய வச்சுக்கிட்டு சும்மா வா" என்றார். எனக்கு அதற்கப்புறம் பல நாள் ஓட்டும்போது அந்த நாலு கையும் கண்ணில் நின்றது.

இடது பக்க இழுப்புக்கு என்ன எண் போடுவது என்பதில்தான் ரொம்ப நாள் போனது. நீ இரண்டு முன்சக்கரத்துக்கும் வேறு வேறு கோணம் போட்டாய். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்துச் சொல்வேன். "பத்தல." நீ ஏற்றுவாய். "இன்னும் கொஞ்சம்." ஏற்றுவாய். "இன்னும்." ஒரு கட்டத்தில் திரும்பிப் பார்த்தாய். "நிஜத்துல இவ்வளவு இருக்காதுடா. மூணு மடங்கு போட்டாச்சு." நான் விடவில்லை. "நீ பிடிச்சுகினு ஓட்டறியா, நான் ஓட்டறனா? போடு." நீ போட்டாய். அருகில் ஏதோ குறிப்பும் தட்டினாய். நான் அதைப் படிக்கவில்லை.

அது உண்மையான அளவா, என் கோபத்தின் அளவா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் உன்னிடம் சொன்னேன். "எனக்குப் பயமா இருக்குதுடா. உன்ன இந்த வண்டியில ஏத்திகினு போறேன். உங்கப்பாகிட்ட சொல்லிடட்டுமா?"

நீ உடனே, "சொல்லாத" என்றாய்.

"ஏன்?"

"சொன்னா வேற வண்டி வைப்பாரு. வேற வண்டின்னா வேற டிரைவரு."

என் வாழ்க்கையில் யாரும் எனக்காக ஓட்டை வண்டியில் ஏறியதில்லை. அன்றைக்கு அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு நம் கார் பாதிதான் முடிந்திருந்தது. நான் போனால் உனக்கு அந்தக் கையும் இடுப்பும் போயிருக்கும். நீ விட மாட்டேன் என்றது என்னையா, அளவு எடுக்கும் கருவியையா? நீ உயிரோடு இருந்தபோது இதைக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது தினமும் தோன்றுகிறது.

நீ ஒன்றும் தங்கமான பையன் இல்லை. ஒரு செவ்வாய் காலை, வடலூர் தாண்டி ரோடு நேராக, காலியாக இருந்தது. பின்சீட்டில் அம்மா தூங்கிவிட்டார். நீ குரலைத் தாழ்த்திச் சொன்னாய். "கைய விடு."

"இன்னாது?"

"ஸ்டியரிங்லேர்ந்து ரெண்டு கையும் எடு. வெள்ளக் கோட்டுக்குப் போக எத்தன எண்ணிக்கை ஆகுதுன்னு பாக்கணும்."

"பைத்தியமா உனக்கு? பின்னாடி அம்மா."

"ஒரு தடவடா."

நான் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்காதே. நீ அந்த மாதம் முழுக்கச் சிரித்திருக்கவில்லை, அதனாலா? நானும் பார்க்க ஆசைப்பட்டேனா? நீ எண்ணினாய். ஒன்று. இரண்டு. மூன்று. வண்டி மெல்ல, தூக்கத்தில் சாய்கிற ஆள்போல, இடது பக்கம் சாய்ந்துகொண்டே போனது. நான்கில் சக்கரம் ஓரக் கோட்டைத் தொட்டது. பிடித்துவிட்டேன். நீ சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். நோட்டில் "நாலு" என்று எழுதினாய். குள்ளஞ்சாவடி வரை நான் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையைக்கூட எடுக்கவில்லை.

கடைசி மாதத்தில் உன்னால் உட்கார முடியவில்லை. பின்சீட்டில் அம்மா மடியில் படுத்து வந்தாய். ஒருநாள் கடலூர் தாண்டியதும் படுத்தபடியே, "டேய், சரி பண்ணிட்டாங்களா?" என்று கேட்டாய்.

"எத?"

"இழுப்ப. இங்க ஒண்ணுமே தெரியல."

"அப்படியேதான் இருக்குது. நான் பிடிச்சுகினுதான் வர்றேன்."

பிறகு, "பின்னாடி உக்காந்தா தெரியாது போல" என்றாய். எனக்கு அந்த ஒரு வரியில் குவார்ட்டர்ஸும் எங்கள் தெருவுமாக நம் ஊரே இருந்தது போலிருந்தது. நான் உன்னிடம் அதைச் சொல்லவில்லை. உடம்பு முடியாதவனிடம் போய் என்ன ஊர் நியாயம் பேசுவது?

அதற்கப்புறம் மூன்று செவ்வாய். நான்காவது செவ்வாய் நீ இல்லை.

போன மாதம் உன் தங்கை போன் செய்தாள். உன் அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் ஆகிவிட்டது, குவார்ட்டர்ஸ் காலி செய்கிறார்கள் என்று முதலில் சொன்னாள். பிறகு தயங்கினாள். "அண்ணா, அந்தக் கார் விஷயமா உங்களக் கேட்கணும்."

நீ நம் டாக்சியை எல்லோரும் எடுத்து ஓட்டும்படி அந்த விளையாட்டின் இணையதளத்தில் போட்டுவிட்டுத்தான் போயிருந்தாய். யார் யாரோ ஓட்டியிருக்கிறார்கள். பிரேக் அருமை, எடை உட்காருவது அருமை என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் கார் இடது பக்கம் இழுக்கிறது, செய்தவன் கணக்கில் தவறு செய்திருக்கிறான் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒருவன் நக்கலாக, "இரண்டு சக்கரத்துக்கும் ஒரே எண் போட வேண்டும் என்று யாராவது இவனுக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்றிருக்கிறான். வெளிநாட்டில் இருக்கும் இன்னொருவன், ரொம்பப் பேர் பயன்படுத்தும் கார்த் தொகுப்பு ஒன்றை நடத்துகிறவன், மரியாதையாகக் கடிதம் போட்டிருந்தான். அந்த ஒரு தவறை மட்டும் சரி செய்துவிட்டு, உன் பெயரோடு தன் தொகுப்பில் சேர்க்கலாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

"அப்பா உடனே சரின்னு சொல்லிட்டாரு. 'என் பையன் தப்பா செஞ்சான்னு எழுதி வச்சிருக்கானுங்க, மொதல்ல அத எடுக்கச் சொல்லு'ன்னு. நான்தான் மாத்தலாம்னு கோப்பத் தொறந்தேன். அந்த நம்பர் பக்கத்துல அண்ணன் எழுதி வச்சிருக்கு. 'தவறு இல்லை. டிரைவரைக் கேட்காமல் மாற்றாதே.' டிரைவர்னா நீங்கதானே?"

நான்தான். இத்தனை நாள் பழகினதற்கு என் பெயரை எழுதியிருக்கலாம். டிரைவர் என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டில் எல்லோரும் என்னைச் சொல்வதும் அப்படித்தான். "டிரைவர் வந்துட்டாரா?" "டிரைவருக்கு டீ குடு." ஆனால் கேட்காமல் மாற்றாதே என்றும் எழுதியிருக்கிறாய். என்னைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது என்று இந்த உலகத்தில் இதற்குமுன் யாரும் எழுதி வைத்ததில்லை. இந்த இரண்டில் எதை நான் நம்புவது? அன்று முழுக்க ஓட்டிக்கொண்டே இதையே யோசித்தேன். முடிவுக்கு வர முடியவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் போனேன். ஹாலில் எல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது. உன் மேசையும் கம்ப்யூட்டரும் மட்டும் கட்டாமல் இருந்தன. உன் அப்பா அதன் முன்னால் நின்றார். ரிட்டயரான ஒரே வாரத்தில் ஆள் சிறுத்துப் போயிருந்தார். உன் அம்மா சமையலறை வாசலில்.

"வாப்பா. இவன் என்ன செஞ்சு வச்சிருக்கான்னு நானும் பாத்துடறேன்" என்று உன் நாற்காலியில் உட்கார்ந்தார். கார் ஓட்டத் தெரியாதவர். ஸ்கூட்டர் ஹேண்டிலைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் விறைத்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். உன் தங்கை பெடலைக் காட்டிக் கொடுத்தாள். நம் டாக்சி, மஞ்சள் போர்டோடு, ஆள் இல்லாத வெளிநாட்டு ரோட்டில் கிளம்பியது. மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. புல்லில் இறங்கியது. அவர் திருப்பிக் கொண்டுவந்தார். மறுபடி சாய்ந்தது. மூன்றாவது தடவை யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவர் வலது தோள் இறுகியது, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். கார் நேராகப் போனது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றரை வருடம் நான் உட்கார்ந்திருந்த மாதிரியே அவர் உட்கார்ந்திருந்தார்.

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "எல்லாக் காரும் இப்படித்தானா தம்பி?"

ஆமாம் சார் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. நீ தப்பு செய்யவில்லை என்றும் ஆகியிருக்கும், நானும் தப்பித்திருப்பேன்.

"இல்லைங்க சார். அந்தக் காரு மட்டும்தான்."

அவர் காலை எடுத்தார். கார் நின்றது.

"எந்தக் காரு?"

"உங்க பையன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போன காரு. இடது முன்சக்கரத்துல புஷ் போயிருந்துச்சு. ஓனரு மாத்தித் தரல. அவன் கணக்குல தப்பு பண்ணல சார். வண்டி எப்படி இருந்துச்சோ அப்படியே செஞ்சிருக்கான்."

உன் அம்மாவின் கையில் இருந்த தம்ளர் சமையல் மேடையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"இவ்வளவு இழுக்கற வண்டியிலயா?" என்றார் உன் அப்பா.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். இவ்வளவு இல்லை. மூன்று மடங்கு. மூன்று மடங்கு போடச் சொன்னதும் நான்தான்.

"இவ்வளவு இல்லைங்க சார். கம்மிதான். ஆனா புதுச்சேரி வரைக்கும் பிடிச்சுகினே போனா, போயிச் சேரும்போது இவ்வளவு இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். இரண்டு வருடப் பழக்கத்தில் அவர் என் முகத்தை முழுதாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். என் முகமும் அவருக்குப் புதிதாக இருந்திருக்கும்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்றன்னுதான் சொன்னேன். அவன்தான் வேணாம்னான்."

"ஏன்?"

"சொன்னா வேற வண்டி வைப்பீங்க. வேற வண்டின்னா வேற டிரைவருன்னான்."

திரையில் நின்றிருந்த காரைப் பார்த்து அவர் சொன்னார். "வச்சிருப்பேன்." மறுபடியும், தனக்குள் சொல்வதுபோல, "கண்டிப்பா வச்சிருப்பேன்."

உன் அம்மா மட்டும் கேட்டார். "போகும்போது வரும்போது ஏதாச்சும் ஆகப் பாத்துச்சா தம்பி?"

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒண்ணும் ஆகலம்மா" என்றேன். நான்கு எண்ணியதை நான் சொல்லவில்லை. அது உனக்கும் எனக்கும் தெரிந்தது. இனி எனக்கு மட்டும்.

உன் அப்பா எழுந்தார். தங்கையிடம், "மாத்த வேண்டாம்னு எழுது. அவன் தப்பா செய்யல, வண்டிதான் தப்புன்னு எழுது. இவர் சொன்னதையும் சேர்த்து எழுது" என்றார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மாற்றாமல் சேர்க்க முடியாது என்று அந்த வெளிநாட்டுக்காரன் பதில் போட்டுவிட்டானாம். உன் பெயர் ரொம்பப் பேருக்குப் போக வேண்டியது போகவில்லை. அதற்கு நான் காரணம். உன் கார் அப்படியே இருக்கிறது. அதற்கும் நான்தான் காரணம். நீ எதை விரும்பியிருப்பாய்? "கேட்காமல் மாற்றாதே" என்றாயே தவிர, கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி வைக்கவில்லையே.

போன வாரம் உன் வீட்டார் சொந்த ஊருக்குப் போனார்கள். மதுரைப் பக்கம், தூரப் பயணம். வேறு வண்டி வைத்திருந்தார் உன் அப்பா. குவார்ட்டர்ஸ் பிளாக் முனையில் என்னைக் கடந்து போனது. புது வண்டி. உன் தங்கை கண்ணாடி வழியாகக் கை ஆட்டினாள். அவர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். கோபமா, என் முகத்தைப் பார்க்க முடியவில்லையா, ஒரு அப்பன் செய்ய வேண்டியதை இரண்டு வருடம் கழித்துச் செய்தாரா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் டிரைவரின் கையைப் பார்த்துக்கொண்டு போனார். அது மட்டும் எனக்குத் தெரிந்தது.

நான் அந்த ஓனரை விட்டு வந்துவிட்டேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை, அவர் காரை விற்றுவிட்டார். யார் வாங்கினார்களோ, யார் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறார்களோ. இப்போது என் கையில் இருப்பது நல்ல கார். நான்கு டயரும் புதிது. சக்கரக் கோணம் மெஷினில் வைத்துப் பார்த்தது. கையை விட்டால் நூல் பிடித்தமாதிரி நேராகப் போகும் என்று புது ஓனர் சொல்கிறார். நான் கையை விட்டுப் பார்க்கவில்லை.

இன்று காலை கடலூருக்கு ஒரு சவாரி. பெரியவர் ஒருவர், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவராம், முன்சீட்டில் உட்கார்ந்தார். வடலூர் தாண்டியதும் நெளிய ஆரம்பித்தார். எதிரில் ஒரு பஸ் வந்தபோது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா, வண்டி நடு ரோட்டுக்கு ஏறிக்கிட்டே இருக்கு? வலது பக்கம் இழுக்குதா?"

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பிப் பிடித்திருந்தது.

"இல்லீங்க சார். வண்டி நேராத்தான் போவுது."

"அப்புறம்?"

"கை பழகிப்போச்சு."

"எதுக்குப்பா பழகிப்போச்சு?"

குள்ளஞ்சாவடி வந்தும், அவருக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.